தரை டிக்கெட் இல்லாத கொட்டகை

நாகர்கோவிலில் கல்லூரியில் படித்த நாட்களில் மாதத்துக்கு மூன்று முறையாவது நான் போய் உட்கார்ந்த பழைய திரையரங்கு ஒன்றை, சில மாதங்கள் பூட்டி வைத்து, உள்ளிருந்ததையெல்லாம் பெயர்த்தெடுத்து, இரண்டு திரைகளாகப் பிரித்துத் திறந்திருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, எழுபத்து நான்கு வயதான என் அம்மாவை அழைத்துக்கொண்டு மாலை ஆறரை மணி முதல் காட்சிக்கு அங்கே சென்றேன். ஓடியது மறுவெளியீடாக வந்திருந்த ஒரு பழைய படம். அது முதன்முதலில் வந்தபோது, தோவாளைப் பக்கத்து ஓலைக் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர் அம்மா. படத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. டிக்கெட், இருக்கை, ஒளி, ஒலி, தின்பண்டம், கழிப்பறை என்று கொட்டகையைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். அதன் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம், நான் சுட்டப்போகும் குறைகள் பெரும்பாலும் இன்றைய புதுக் கொட்டகைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை என்பதுதான். ஒருவரை மட்டும் நிறுத்தி வைத்துக் குட்டுவது முறையாகாது.

வாசலில் கவுண்டர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். ஆனால் நல்ல வரிசைகள் எல்லாம் முந்தின நாளே கைப்பேசி வழியாகப் போய்விடுவதால், அவரிடம் மிஞ்சியிருப்பவை திரையை ஒட்டிய முன்வரிசை நாற்காலிகள் மட்டுமே. அதை அறிந்து நானும் வெள்ளிக்கிழமை இரவே எடுத்துவிட்டேன். இருக்கைப் படத்தில் இரண்டு கட்டங்களைத் தொட்டால் வேலை முடிந்தது. இவ்வளவு எளிதாக டிக்கெட் எடுத்ததாக என் வாழ்நாளில் நினைவில்லை. கடைசியில் பணம் கட்டும் இடத்தில்தான் இணையவழிக் கட்டணம் என்று ஒரு தொகையும், அந்தத் தொகைக்குத் தனியாக ஒரு வரியும் வந்து நின்றன. வரிசையில் நிற்காமல் தப்பியதற்கு விலை என்று அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு டிக்கெட் என்றதும் அந்தத் தொகை இரண்டு மடங்காவது எந்தக் கணக்கு? நான் விரலை வைத்தது ஒரே ஒரு முறைதான். வரியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 2017 ஜூலையில் 28 விழுக்காடாகத் தொடங்கிய சரக்கு, சேவை வரி 2019 தொடக்கத்தில் 18 விழுக்காடாகக் குறைந்தது. நான் போய்வரும் கொட்டகைகளில் அந்த ஆண்டு விலை இறங்கியதாக எனக்கு நினைவில்லை.

வாசலில் நின்றுகொண்டு அம்மா கேட்டார்: "சீட்டு எங்க மக்களே? கையில ஒண்ணையும் காணலியே?" கைப்பேசியில் இருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் பார்த்தவர், "இதை எப்படிக் கிழிப்பான்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய காலத்திலும், எதற்குச் சொல்ல வேண்டும், என் காலத்திலும்கூட, டிக்கெட் என்பது கிழிபட்டுப் பாதியாகத் திரும்பி வரும் ஒரு மெல்லிய தாள். ரோஸ், பச்சை, மஞ்சள் என்று வகுப்புக்கு ஒரு நிறம். அந்தத் தாளைக் கையில் வாங்குவதற்குள் சட்டைப் பித்தான் ஒன்று போய்விடும். ஒரே ஆள் நுழையக்கூடிய அகலத்தில் இரண்டு சுவர்களுக்கு நடுவே நீண்டு போகும் சந்து. அதன் முடிவில் மூடிய முஷ்டி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. காசோடு கை உள்ளே போகும். டிக்கெட்டும் சில்லறையும் வைத்து யாரோ உள்ளிருந்து விரல்களை மடக்கிவிடுவார்கள். வெளியே இழுக்கும்போது மணிக்கட்டுத் தோல் சிமெண்டில் உரசும். புதுப்பட நாட்களில் வரிசையின் தலைகளுக்கு மேலே நீந்தி முன்னால் போவதற்கென்றே சில அண்ணன்மார் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். பெண்களுக்குத் தனிக் கவுண்டர் உண்டு, அங்கே கூட்டமும் குறைவு. ஆகவே எங்கள் தெருவில் படம் பார்க்கக் கிளம்பும் ஆண்கள் எல்லாரும் காசை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். ஒருவருக்கு இத்தனை டிக்கெட்டுக்கு மேல் தரமாட்டோம் என்று கவுண்டர்காரர் சொன்னால், அம்மா என்னையும் என் தங்கையையும் பாவாடை மறைவில் நிறுத்தித் தலைக்கு இரண்டாக வாங்கி வருவார். அப்படி வாங்கியவருக்கு, வாசலில் ஓர் இளைஞர் கருவியைக் கைப்பேசிக்கு நேரே நீட்டிக் 'கீக்' என்ற ஒலியோடு எங்களை உள்ளே விட்டது ஏதோ குறையாகவே பட்டிருக்க வேண்டும். படி ஏறும்வரை, "அவ்வளவுதானா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அதற்கு முன் ஒரு தடங்கல் நேர்ந்தது. அம்மாவின் துணிப்பையைச் சோதித்த காவலாளி, ஏத்தங்காய் வற்றல் பொட்டலத்தையும் நான்கு மட்டிப்பழத்தையும் எடுத்து மேசை மேல் வைத்தார். "வெளிச்சாப்பாடு உள்ள கொண்டு போகக்கூடாதும்மா, போகும்போது வாங்கிக்கிடுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். "வயித்துக்குக் கொண்டு வந்ததையுமா பிடுங்குவிய?" என்று அம்மா கேட்டதற்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வார்? விதியை எழுதியவர் அவர் இல்லையே. சட்டப்படி திரையரங்கின் பக்கம் குறை சொல்வதற்கில்லை. வெளி உணவைத் தடுப்பது அரங்கு உரிமையாளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில், நல்ல குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும் என்றும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. இந்த அரங்கில் குடிநீர் இருக்கிறது. முதல் மாடியில், கழிப்பறைக்குப் போகும் இடைவழியின் கடைசியில், விளக்கு எரியாத ஒரு மூலையில், குவளை இல்லாமல் இருக்கிறது. புட்டித் தண்ணீரோ படியேறியதும் கண்ணில் படும் இடத்தில் பளிச்சென்ற வெளிச்சத்தில் நிற்கிறது. முதியவர்களோடு செல்பவர்கள் ஒரு குவளையைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. குவளையைத் தடுக்கும் விதி எதையும் நான் அங்கே பார்க்கவில்லை.

இருக்கைகளைப் பற்றி நல்லபடியாகவே சொல்ல வேண்டும். முழங்காலுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். முன்னால் இருப்பவரின் தலை மறைக்காத அளவுக்கு ஒவ்வொரு வரிசையும் உயர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. மூன்று மணி நேரம் இருந்தும் ஒரு முறைகூட எழுந்து காலை உதறவில்லை என்பதைவிட வேறு சான்று இதற்குத் தேவையில்லை. ஆனால் படிக்கட்டுகள் செங்குத்தானவை. ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. படியின் விளிம்பில் ஒளிரும் கோடு போட்டிருக்கிறார்கள் என்றாலும், கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏற முடியாதே.

இனி நான் சொல்ல நினைத்த முக்கியமான குறைக்கு வருகிறேன். கடைசி வரிசையில் இருக்கும் சாய்வு நாற்காலிகளைத் தவிர, இந்த அரங்கில் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை. திரையில் இருந்து ஆறடி தள்ளிக் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பவரும், நடுவரிசையில் சுகமாக இருப்பவரும் ஒரே தொகையைக் கொடுக்கிறார்கள். பழைய கொட்டகையில் தரை, பெஞ்சு, சாய்வு பெஞ்சு, சேர் என்று நான்கு படிகள் இருந்தன. நகரத்துத் திரையரங்கில் அதற்கு மேல் பால்கனியும், சில இடங்களில் பாக்ஸ் என்ற மரத்தடுப்பு அறையும் உண்டு. பால்கனிக்காரர் கொடுத்ததில் ஒரு சிறு பங்கைக் கொடுத்துவிட்டு அதே படத்தை, அதே நேரத்தில், அதே கூரைக்குக் கீழே தரைக்காரர் பார்த்தார். அன்று எங்கள் இருவருக்கும் டிக்கெட், இணையவழிக் கட்டணம், இடைவேளைச் செலவு எல்லாம் சேர்ந்து அறுநூறு ரூபாயைத் தாண்டியது. பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பம் இன்றைக்குப் படம் பார்ப்போமா என்று சாயங்காலம் நினைத்து, ஆறு மணிக்குக் கிளம்பும் தொகை இல்லை இது. திட்டமிட வேண்டும், யாராவது ஒருவரிடம் அதற்கேற்ற கைப்பேசி இருக்க வேண்டும். என் சிறு வயதில், பையில் இருக்கும் காசு எவ்வளவு என்பது எங்கே உட்காருவது என்பதை மட்டுமே முடிவு செய்தது.

தரை டிக்கெட்டில் மரியாதை இருந்தது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். கேட்காரர் கையில் பிரம்பு இருக்கும். பெஞ்சுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்த குற்றத்துக்காக என் முதுகிலும் ஒரு முறை அது விழுந்திருக்கிறது. வெற்றிலைச் சாறு, கடலைத் தோல், யாரோ ஒரு குழந்தையின் ஈரம் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் இடம் பிடிக்க வேண்டும். ஆனாலும் அம்மாவின் படம் பார்க்கும் வாழ்க்கை முழுவதும் அங்கேதான் நடந்தது என்பதால் அந்தக் கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புது அரங்கை அவர் எதோடு ஒப்பிட்டார் என்பது அப்போதுதான் விளங்கும்.

மூங்கில் கால் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, பக்கத்தில் ஓலைத் தட்டி கட்டிய டூரிங் கொட்டகை அது. அவ்வகைக் கொட்டகைக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம் கிடைக்கும். காலம் முடிந்தால் பிரித்தெடுத்து வேறிடம் போக வேண்டும். கொட்டகை வந்த செய்தியை, மாட்டு வண்டியில் தட்டி கட்டி நோட்டீசு வீசிக்கொண்டு வருபவர் சொல்வார்; அன்றைய காட்சி தொடங்கப்போகும் செய்தியைக் குழாய் ஒலிபெருக்கியில் போடும் பக்திப்பாட்டு சொல்லும். அந்தப் பாட்டு எங்கள் வீட்டுக்குக் கேட்டதும் அம்மா அடுப்பை அணைப்பார். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. ஆகவே ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் இடைவேளை. ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை. படம் வருவதும் உடனே வராது. திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்த விநியோகப் பகுதியை டி.கே. ஏரியா என்பார்கள், அந்த ஏரியாவுக்கு எடுத்த பிரதிகள் முதலில் நகரங்களில் ஓடி, அடுத்து சிற்றூர்களுக்குப் போய், கடைசியில் சி சென்டர் என்ற பெயரில் எங்களிடம் வரும்போது, திரையில் மழை பெய்வது போலக் கோடு விழுந்திருக்கும். நல்ல பாட்டு ஒன்று பாதியில் அறுந்து அடுத்த சண்டைக்குத் தாவும். அறுந்த துண்டுகள் எங்கே போயின என்பது எங்களுக்குத் தெரியும். சில எங்கள் சட்டைப்பையில் இருந்தன. பியூஸ் போன பல்பின் அடிப்பாகத்தை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பி, வெயிலைக் கண்ணாடியால் அறைக்குள் திருப்பி, பல்புக்கு முன்னால் பிலிம் துண்டைப் பிடித்தால், பாட்டாவின் வெள்ளை வேட்டியில் கதாநாயகன் தலைகீழாக நிற்பான். பிலிமைத் திருப்பிப் பிடித்தால் நிமிர்ந்துவிடுவான்.

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அதே காற்று, அன்று எங்கள் கொட்டகைத் திரையை உப்பவைத்துச் சுருக்கும். அழுகின்ற கதாநாயகியின் கன்னம் ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் ஒடுங்கும், கூட்டம் சிரிக்கும், யாராவது ஓடிப்போய் அடிக்கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள்.

தரையில் பெண்கள் பக்கம் இன்னொரு காட்சியும் நடந்துகொண்டிருக்கும். பிச்சி மொட்டை அவிழ்வதற்குள் கட்ட வேண்டும், விடிவதற்கு முன்னால் தோவாளைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதால், படத்துக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் மடியில் ஈரத்துணி சுற்றிய பூவோடுதான் வருவார்கள். வாழைநாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, இருட்டில் விரல் மட்டுமே அறிந்த கணக்கில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் என்று முடிச்சு விழுந்துகொண்டே போகும். பாட்டு நடக்கும்போது அம்மாவின் கை வேகமாக ஓடும், சண்டையில் நின்றுவிடும். கொட்டகை முழுவதும் பீடிப் புகையும் பிச்சி வாசமும் கலந்து அடிக்கும் அந்த வாடை, இப்போதும் ஏதாவது ஒரு கல்யாண வீட்டுப் பின்கட்டில் என்னைத் திடீரென்று பிடித்து நிறுத்துவதுண்டு. பீடி 2008 அக்டோபரில் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்ததோடு ஒழிந்தது. அதற்கு நான் வருந்தவில்லை.

இந்த நினைவுகளோடு இருந்த அம்மாவுக்குப் புது அரங்கின் ஒளியும் ஒலியும் எப்படி இருந்தன என்று இனிச் சொல்லலாம். ஒளியில் குறையே இல்லை. பழைய புரொஜெக்டரில் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் மின்பொறிதான் விளக்கு. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஆபரேட்டர் கண்ணயர்ந்தால் திரை மஞ்சளாகி மங்கும். உடனே விசில் பறக்கும். ஆயிரம் அடி பிலிம் பதினொரு நிமிடம்தான் ஓடும் என்பதால், இரண்டு புரொஜெக்டர் வைத்திருந்த நகரத்து அரங்குகளில், திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னியதும் ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்குவார்கள். அந்த வட்டத்துக்காகக் காத்திருப்பது எனக்குப் படத்தைவிடப் பெரிய விளையாட்டு. இன்று படம் என்பது வன்வட்டில் வரும் கோப்பு. குறிப்பிட்ட நாளுக்கு, குறிப்பிட்ட புரொஜெக்டருக்கு என்று வழங்கப்படும் மின்னணுச் சாவி இருந்தால்தான் திறக்கும். ரீல் பெட்டி வராமல் காட்சி தாமதமான காலம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அன்று காட்சி பதினைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியபோது, "சாவி இன்னும் ஏறல சார்" என்று ஊழியர் சொன்னார். பெட்டி போய்ச் சாவி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் படத்தின் அளவில் ஒரு பெரும் பிழை நடந்திருக்கிறது. அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் ஏறக்குறையச் சதுரத்தை ஒட்டிய சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல்தான் வந்தது. அப்படி எடுத்ததை அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். நெருக்கமாகக் காட்டும் இடங்களில் நெற்றி இல்லை. நாட்டியக் காட்சியில் பாதம் இல்லை. சலங்கை மட்டும் கேட்கிறது. இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை விட்டு முழுச் சட்டத்தையும் காட்டியிருந்தால் யார் சண்டைக்கு வந்திருப்பார்கள்? அம்மாவே சொன்னார்: "இவ காலைத்தான நாங்க பாக்கப் போனோம், அதைக் காணலியே."

ஒலி தெளிவு, அளவோ மிகுதி. தலைக்கு மேலும் பக்கச் சுவர்களிலும் பொருத்திய ஒலிபெருக்கிகள் புதுப்படங்களுக்குப் பொருந்தும். ஒரே ஒலித்தடத்தில் பதிவான பழைய படத்தை அந்த ஒலிபெருக்கிகள் எல்லாவற்றுக்கும் பங்கு வைத்தபோது, திரையில் நிற்பவர் பேசுவது பின் சுவரிலிருந்து வந்தது. அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்து, "பின்னால யாருல பேசுகது?" என்றார். இடையிடையே போட்ட விளம்பரங்களின் ஒலி படத்தைவிட இன்னும் அதிகம். அவர் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். ஊழியரிடம் சொன்னதும் குறைத்தார்கள் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

இடைவேளை எட்டு நிமிடம். அதில் விளம்பரத்துக்குப் போனது பாதி. தின்பண்டக் கடையில் மக்காச்சோளப் பொரி மூன்று அளவுகளில், குளிர்பானம் மூன்று அளவுகளில், முக்கோண அப்பத்தில் ஏதோ பாலாடைக்கட்டி. ரசவடைக்கும் நேந்திரங்காய் வற்றலுக்கும் பேர்போன இந்த மாவட்டத்தில், நகரத்தின் நடுவே, அவற்றில் ஒன்றுகூட அந்தக் கடையில் இல்லை. சாயாவும் பொட்டலத் தூளில் கலக்கித் தரப்படுகிறது. எங்கள் கொட்டகையில் இடைவேளை மணி அடித்ததும், தலையில் தட்டு வைத்த பையன்கள் முறுக்கு, வேர்க்கடலை, அவித்த மரச்சீனி என்று தரைக்கு நடுவே நடந்து வருவார்கள். கோலி சோடாவை உடைக்கும் சத்தம் அங்கங்கே எழும். பாட்டுப் புத்தகம் விற்பவர் தனியாகக் கத்துவார். ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், சிறுவனாக நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுவதை நினைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கடையின் முன் நின்றேன். அங்கே விற்ற பெண்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். நெரிசலிலும் முகம் சுளிக்கவில்லை. பொரியின் நடுத்தர அளவுக்கு நான் கொடுத்த விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கழிப்பறைக்கு முழு மதிப்பெண். பழைய அரங்கில் பெண்கள் கழிப்பறை எந்த நிலையில் இருந்தது என்பதை இங்கே எழுத முடியாது. அம்மாவும் அத்தைகளும் காட்சிக்குக் கிளம்பும் நாளில் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்பது மட்டும் போதும். இப்போது சுத்தமாக இருக்கிறது, தாழ்ப்பாள் விழுகிறது, தண்ணீர் வருகிறது, வாசலில் ஒரு பெண் ஊழியர் நிற்கிறார். அரங்குக்குள்ளும் பெண்கள் தனியாகவும் தோழிகளோடும் வந்து அமர்ந்திருந்தார்கள். எவரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய காலம் பொற்காலம் என்று எழுதுகிறவர்களில் அத்தனை பேரும் ஆண்களாக இருப்பதன் காரணம் எனக்கு அன்று கொஞ்சம் விளங்கிற்று.

இரண்டாம் திரையில் மலையாளப் படம் ஓடியது. அதற்கும் கூட்டம் இருந்தது. இதில் வியக்க எதுவுமில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நான்கு தாலுகாக்கள் நாங்கள். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்தில் இரண்டு மொழிப் படத்துக்கும் ஒரே வீட்டிலிருந்து கிளம்புவார்கள். 1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷனின் மலையாள ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காக மொட்டை மாடிகளில் ஆண்டெனாக்கள் மேற்கே திரும்பி நின்றதும், அதே சாயங்காலங்களில் கொட்டகைத் தரை காலியாகத் தொடங்கியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு திரைகளுக்கும் பொதுவான கூடத்தின் சுவர்களில் ஆளுயரப் படங்கள் மாட்டியிருக்கிறார்கள்: முகமூடி அணிந்த அமெரிக்க நாயகர்கள், ஒரு பெரிய பச்சை மனிதர், மும்பை நட்சத்திரங்கள் இருவர். மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' படத்தை எடுத்து, அதிலேயே நடித்து, அதற்காகச் சொத்தை இழந்த ஜே.சி. டேனியல் இந்த மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். 1975-இல் இறந்ததும் அங்கேதான். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரில் விருது கொடுக்கிறது. அகஸ்தீஸ்வரத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு சினிமாக் கொட்டகையின் சுவரில் அவருக்கோ கலைவாணருக்கோ ஓர் அடிக்கு ஓர் அடி இடம்கூட இல்லை. நிர்வாகத்தின் ஆலோசனைப் பெட்டியில் இதை ஒரு தாளில் எழுதிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெட்டிக்குள் மிட்டாய்த் தாள்கள் நிறையக் கிடந்தன.

செல்ல நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நடுவரிசைகளில், நுழைவாயில் பக்கத்து ஓர இருக்கையை எடுத்தால் படியேறுவது குறையும். முதல் காட்சி முடிய ஒன்பதரை ஆகிவிடும். பூதப்பாண்டி, திட்டுவிளை பக்கம் போகிறவர்கள் வடசேரியில் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டிவரும் என்பதால் மேட்னிதான் உத்தமம். இருசக்கர வாகனம் நிறுத்த இடம் தாராளமாக உண்டு, கட்டணம் தனி. மறுவெளியீட்டுப் படங்களுக்கு முதல் திரையைவிட இரண்டாம் திரையை ஒதுக்கும்போது எடுங்கள். அங்கே ஒலி அடக்கமாக இருப்பதாக, இரண்டிலும் பார்த்த என் தங்கை சொல்கிறாள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கழிப்பறை இல்லாவிட்டால் மூன்றுதான்.

வெளியே வந்ததும் காவலாளி பொட்டலத்தைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா அதைப் பிரித்து எனக்கும் கொஞ்சம் தந்தார். ஒழுகினசேரி தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, அடுத்த மாதமும் இதுபோல ஒரு பழைய படம் வருவதாக வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன் என்றார்.

"எடுக்கட்டுமா?"

"மேட்னிக்கு எடு. வத்தலை மட்டும் நான் முந்தியில முடிஞ்சிக்கிடுதேன்."